முந்நூற்று முப்பதில் திறக்கும் கேட்

கமலநாதன் வீட்டு வேலைக்கு விலை சொல்லும்போதெல்லாம் புஷ்பவள்ளி முப்பது வெள்ளி கூட்டித்தான் சொல்வாள். பேராசை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மனிதருக்குக் குறைப்பதற்கு இடம் வேண்டும். குறைக்க இடமே இல்லாத விலையைச் சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது, வீட்டில் இருப்பவர்களுக்கும் இறங்க விடமாட்டார். காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் முப்பத்தோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். லாரி லாரியாக வந்த குலைகளைப் பார்த்து, இது காய், அது அழுகல் என்று தள்ளித் தள்ளியே பழகிய கண். ஓய்வு பெற்று சிம்பாங் ரெங்கத்தில் வீடு வாங்கிக் குடிவந்த பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. மீன்காரர், முடிவெட்டுகிறவர், கோயில் அர்ச்சகர் என்று ஒருவர் விடாமல் தரம் பிரித்துக்கொண்டிருந்தது.

புஷ்பவள்ளியும் லேசுப்பட்டவள் இல்லை. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஈயம் வைத்தவள். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனபோது, கையில் கொடுத்த தொகைக்கு ஒரு பழைய வேன் வாங்கினாள். சந்தைக்குப் பின்னால் ஒரு கடை பிடித்தாள். 'ஆட்டோகேட், ரிமோட், ரிப்பேர்' என்று பலகை மாட்டினாள். முதல் வருடம் வந்தவர்களில் பாதிப் பேர், "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார்கள். "அவரு வீட்டுல சமைக்கிறாரு, வேணும்னா போய்ப் பாருங்க" என்பாள். அதுவும் உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இடித்த இடியில் அந்தத் தாமான் குடியிருப்பில் மூன்று மோடம், ஒரு டிவி, கமலநாதன் வீட்டு ஆட்டோகேட் எல்லாம் போய்விட்டன. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வேனை நிறுத்தியபோது, கேட்டைக் கையால் தள்ளித் திறந்து வைத்து, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, பத்திரிகையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா புஷ்பா. பசியாறியாச்சா?"

"ஆச்சுண்ணே."

"எவ்வளவு ஆகும்?"

"அண்ணே, இன்னும் பெட்டியையே திறக்கலையே."

"திறந்தா வெல கூடிரும். திறக்காமச் சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே தூணில் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கேட்டின் இரண்டு கைகளிலும் மோட்டார் நன்றாக இருந்தது. அவற்றை ஆட்டிவைக்கும் பெரிய போர்டும் பிழைத்துக்கொண்டது. அதன் ஓரத்தில் செருகியிருந்த சின்ன ரிசீவர்தான், ரிமோட் அனுப்பும் சங்கேதத்தைக் கேட்டுப் போர்டுக்குச் சொல்லும் அந்தத் தீப்பெட்டி அளவுச் சமாச்சாரம்தான், தீய்ந்த தோசை மாதிரி இருந்தது.

"ரிசீவர் ரோசாக், கெட்டுப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல. மாத்தினாப் போதும்."

"எவ்வளவு?"

"புது செட்டு இருக்கு. ஃபோர் தேர்ட்டி த்ரீ. ரிசீவரும் நாலு ரிமோட்டும். எல்லாம் சேர்த்து இருநூத்தி இருபது."

"நூத்தி அறுபது."

"அண்ணே, எனக்கு வந்த வெலையே நூத்தி எழுபது."

"அப்ப உனக்கு யாரோ ஏமாத்திக் குடுத்திருக்கான். அவன்கிட்ட போய்ச் சண்ட போடு."

நூற்றுத் தொண்ணூறில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் நடுவில் உள்ள படிகளில் ஒவ்வொன்றாக மிதித்துத்தானே இறங்க வேண்டும்? அவர் நூற்று எழுபத்தைந்தில் கால் வைத்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி ராசம்மா கோப்பியோடு வந்தாள்.

"பழைய ரிமோட்டு எல்லாம் அதுல வேலை செய்யுமா?" என்று கேட்டாள்.

"செய்யாதுக்கா. பழசெல்லாம் த்ரீ தேர்ட்டி அலைவரிசை. இது வேற. அதான் புதுசா நாலு தர்றாங்களே."

புஷ்பவள்ளி வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்க ஒரு வழி வைத்திருந்தாள். முந்நூற்று முப்பது ரிமோட்டை எடுத்துக்கொண்டு நானூற்று முப்பத்து மூன்று ரிசீவருக்கு முன்னால் நிற்பது, கோழிக்கடைச் சீனத் தவுக்கேயிடம் இலக்கணத் தமிழில் விலை கேட்பது மாதிரி. அவர் உங்களைப் பார்ப்பார், தலையைக்கூட ஆட்டுவார். கோழி வராது.

ராசம்மா சிரிக்கவில்லை. கோப்பித் தம்ளரை நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

"நாலு ரிமோட்டு ஜாஸ்தி," என்றார் கமலநாதன் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே. "வீட்டுல ரெண்டே பேருதான். ரெண்டு ரிமோட்டக் கழிச்சுக்கிட்டு வெலையக் குறை."

புஷ்பவள்ளி வேனுக்குப் போய்ச் செட்டை எடுக்கக் குனிந்தபோது, வேனின் மறுபக்கத்தில் ராசம்மா நின்றிருந்தாள். பின்வாசல் வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். கையில் குப்பைப் பை ஒன்று இருந்தது. கணவர் பார்த்தால் குப்பை போட வந்ததாகச் சொல்வதற்கு.

"புஷ்பா, அத மாட்டாதம்மா."

"ஏன்க்கா?"

"யுகேந்திரன்கிட்ட ஒரு ரிமோட்டு இருக்கு."

மகன் யுகேந்திரன் விஷயம் தாமானில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நில அலுவலகத்தில் அரசாங்க உத்தியோகம் கிடைத்து, ஆறு வருடம் பார்த்துவிட்டு, ஒரு நாள் அதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு சிங்கப்பூருக்கு பஸ் ஓட்டப் போய்விட்டான். ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டுகிறான். சம்பளம் மூன்று மடங்கு. ஆனால் கமலநாதனுக்கு அரசாங்க உத்தியோகம் என்பது சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய சங்கதி. நியமனக் கடிதத்தை உண்மையிலேயே அங்கேதான் மாட்டியிருந்தார். வாய் வார்த்தை முற்றியதில், "பஸ்ஸு ஓட்டுறவனுக்கு இந்த வீட்டுல வேலையில்ல" என்று அவர் சொல்ல, "இனிமே இந்த வீட்டு பெல்ல நான் அடிக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பிப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

"பெல்ல அடிக்க மாட்டேன்னுதான் சொன்னான்," என்றாள் ராசம்மா தாழ்ந்த குரலில். "வர மாட்டேன்னு சொல்லல. போகும்போது ரிமோட்ட வச்சுட்டும் போகல. நான் அன்னைக்கே கவனிச்சேன்."

புஷ்பவள்ளி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வாங்குகிறவர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு காரியத்தை முடிக்கும் வியாபாரிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு அமைதியாக ஒருவர் பதினான்கு மாதம் பிடித்து வைத்திருந்ததை இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்னைக்காவது ஒரு நாள் இந்தப் பக்கம் வருவான். ரிமோட்ட அமுக்குவான். கேட்டு திறந்தா உள்ள வந்துருவான். திறக்கலன்னு வையி, என்னையும் மாத்திப்புட்டாங்கன்னு நெனச்சு அப்படியே வண்டியத் திருப்பிருவான். பெல்லு அடிக்க மாட்டான். சொன்ன சொல்ல மாத்த மாட்டான், அப்பன மாதிரியே."

"ஃபோன்ல பேசுறீங்கதானேக்கா? கேட்டு மாத்துறோம்னு சொல்லிடலாமே."

"வாரம் வாரம் பேசுறான். சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களான்னு கேப்பான். ஆனா உன் ரிமோட்டுக்கு ஏத்த மாதிரி வைக்கட்டுமான்னு நான் கேட்டேன்னு வையி, 'வேண்டாம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லிடுவான். வாயில வந்துட்டா அப்புறம் அதுதான். அதான் நான் கேக்கல."

பத்திரிகை மடங்கும் சத்தம் கேட்டது. ராசம்மா பையைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் நடந்தாள்.

புஷ்பவள்ளி திரும்பி வந்து, "அண்ணே, இந்த செட்டு உங்க போர்டுக்குச் சேராது. த்ரீ தேர்ட்டி ரிசீவரே தேடிப் போடணும். நாளைக்கு வர்றேன்" என்றாள்.

"முன்னாடி சேரும்ன?"

"இப்பத்தான் நல்லாப் பார்த்தேன்."

"வெல?"

"ரிசீவர் மட்டும்தானே, நூத்தி முப்பது."

நூறு என்று சொல்ல வாயைத் திறந்தவர், இவ்வளவு தூரம் தானாகவே குறைந்து வந்ததில் ஏதோ சூது இருப்பதாக நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

முந்நூற்று முப்பது ரிசீவர் இப்போது யாரும் இறக்குமதி செய்வதில்லை. அன்று மத்தியானமே யோங் பெங்கில் தனக்குச் சரக்குக் கொடுக்கும் தவுக்கே லிம்மின் கிடங்குக்கு அவள் போனாள். நேராகப் போய் அதைக் கேட்டால் விலையை ஏற்றிவிடுவார். அதனால் நான்கு புது செட்டு, பத்து பேட்டரி என்று பேசிக்கொண்டே, கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த அட்டைப் பெட்டியைக் காலால் இடித்து, "இந்தக் குப்பைய இன்னும் தூக்கிப் போடலையா தவுக்கே? வேணும்னா ஒண்ணு நான் எடுத்துக்கிறேன், சும்மா," என்றாள்.

லிம் கணக்குப் பொறியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது எண்பது," என்றார்.

"அலமாக்! யாரும் கேக்காத சாமானுக்கு எண்பதா?"

"யாரும் கேக்கல. அதனால யார்கிட்டயும் இல்ல. என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதனால எண்பது லா."

ஐம்பத்தைந்துக்கு வாங்கினாள். இரண்டு பேருக்கும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்ற திருப்தி. அதைவிட நல்ல வியாபாரம் உண்டா? கூடவே ஒரு காலி ரிமோட்டையும் கடனாக வாங்கி வந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் ரிசீவரை மாட்டிவிட்டாள். அது தானாகக் கற்றுக்கொள்ளும் வகை. பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினால், அதன் எண்ணைப் பிடித்து மனதில் வைத்துக்கொள்ளும். ராசம்மாவின் ரிமோட்டை அமுக்கினாள். விளக்கு சிமிட்டியது. கேட் திறந்தது. கமலநாதனின் ரிமோட்டை அமுக்கினாள். அதுவும் ஆயிற்று.

இனி மூன்றாவது. அங்கேதான் சிக்கல்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் சிக்கலே வந்திருக்காது. இந்த ரிமோட்டுகளின் முதுகில், பேட்டரி மூடிக்குள் எட்டுச் சின்னஞ்சிறு சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மேலே தள்ளலாம், அது பிளஸ். கீழே தள்ளலாம், அது மைனஸ். நடுவில் விட்டால் கோசோங், ஒன்றுமில்லை. சாதாரண மனிதர்கள் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து வீட்டில் உள்ள எல்லா ரிமோட்டிலும் அதையே வைப்பார்கள். ஒன்று தொலைந்தால் இன்னொன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். கமலநாதனோ எண் சாஸ்திரம் பார்ப்பவர். தன் பெயரில் ஒரு 'எச்' சேர்த்துக்கொண்டவர், காரின் எண்ணைக் கூட்டிப் பார்த்து மூன்று காரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர். அவர் போய் எல்லோருக்கும் ஒரே எண்ணை வைப்பாரா? பிறந்த தேதிப்படி ஆளுக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். ராசம்மாவுக்கு மூன்று, குரு. அவருக்கு ஒன்று, சூரியன். ரிசீவரும் எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்கிற அப்பாவியானதால் இத்தனை வருடம் வண்டி ஓடிவிட்டது. இடி விழுந்ததில் அது கற்றதெல்லாம் கரியாகிவிட்டது.

"அண்ணே, தம்பி ரிமோட்டு நம்பரு என்ன?" என்று புஷ்பவள்ளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது போலக் கேட்டாள். "காலி ரிமோட்டு ஒண்ணு வச்சிருக்கேன். அதுல அந்த நம்பர வச்சு ரிசீவருக்குக் காட்டிட்டா, அவரு கையில இருக்கறதும் வேலை செய்யும்."

பத்திரிகை இறங்கவில்லை. "அது எதுக்கு?"

"வேலைன்னு செஞ்சா முழுசாச் செய்யணும்லண்ணே. அரைகுறையா விட்டா என் பேருதான் கெட்டுப்போகும்."

பத்திரிகை ஒரு பக்கம் புரண்டது. பிறகு அதன் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவன் பதினேழாந்தேதி பொறந்தவன். எட்டு. சனி. அதனால எட்டாவது சுவிட்ச கீழ அமுக்கி வச்சேன். மைனஸ்."

"மத்தது?"

"ஒண்ணும் ஆறும் பிளஸ்... இல்ல, ரெண்டு தடவ எஸ்.டி.பி.எம். பரீட்ச எழுதினானே, அப்ப மாத்தினேன். சனிய அமுக்கக் கூடாது, தாஜா பண்ணணும்னு குளுவாங் ஜோசியர் சொன்னாரு. எட்ட மேல தூக்குனேன். அப்புறம் வேலைக்கு மனு போட்டப்ப..." பத்திரிகை மடங்கியது. "அப்புறம் ஒரு ரிமோட்டத் தொலைச்சுட்டான். புதுசு ஒண்ணு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பன்னெண்டு வெள்ளிக்கு வாங்கி, அதுல நான்தான் வச்சுக் குடுத்தேன். என்ன வச்சேன்னு..."

முப்பத்தோரு வருடம் குலை எடையை ஒரு கிலோ பிசகாமல் சொன்ன மனிதர், அந்த எட்டு எண்ணும் ஞாபகம் வராமல் வாசலைப் பார்த்தார்.

"தெரியலன்னா விட்டுரும்மா," என்றார்.

ராசம்மா வாசற்படியில் நின்றாள். கையில் முருங்கைக்கீரை. உருவவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். புஷ்பவள்ளி அவளிடம் வந்து, "தம்பி ஃபோன் நம்பர் குடுங்க" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"நான் வேணுமான்னு கேக்க மாட்டேன்க்கா."

சந்தையில் இத்தனை வருடம் கடை வைத்திருப்பவளுக்கு இது தெரியாதா? வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஆளுக்கு வசதியாகப் போய்விடும். நீலமா, பச்சையா என்று கேட்க வேண்டும். ஆள் நிறத்தை யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் பஸ் இஞ்சின்களின் உறுமல். புஷ்பவள்ளி ஸ்பீக்கரைப் போட்டுக் கைத்தொலைபேசியைத் தூணின் மேல் வைத்தாள்.

"ஹலோ, தம்பி யுகேந்திரனா? நான் ஆட்டோகேட் கடை புஷ்பவள்ளி பேசுறேன். சிம்பாங் ரெங்கம். பஸ்ஸு ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்லக்கா, பிரேக். ஊட்லண்ட்ஸ் பஸ் ஸ்டேஷன்ல இருக்கேன். என்ன விஷயம்? அம்மா..."

"அம்மா சௌக்கியம். உங்க ரிமோட்டுல முதல் சுவிட்ச் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"என்னது?"

"கேட்டு ரிமோட்டு. பின்னாடி மூடியத் திறந்தா எட்டு சுவிட்ச் இருக்கும். முதல் சுவிட்ச் மேலயா கீழயா? பெட்டியத் திறந்து போட்டுட்டு நிக்கிறேன் தம்பி, மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

அந்தப் பக்கம் சாவிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் வந்தது. "இருங்கக்கா. சாவிக்கொத்துலதான் கெடக்கு. கழட்டுறேன்."

ராசம்மா கீரையைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பதினான்கு மாதமாக, தினம் இரண்டு தடவை பாலம் தாண்டுகிற சாவிக்கொத்தில் அது கிடக்கிறது.

"ம்ம். முதல் சுவிட்ச்... மேல. பிளஸ்."

புஷ்பவள்ளி காலி ரிமோட்டை உள்ளங்கையில் வைத்துப் பேனா முனையால் முதல் சுவிட்சை நெம்பினாள். அது எள்ளளவு. முனை வழுக்கி இரண்டாவதையும் சேர்த்துத் தள்ளியது. அதைச் சரிசெய்யப் போய் மூன்றாவது நகர்ந்தது.

"என்னம்மா பண்ணுற நீ?" நாற்காலி கிரீச்சிட்டது. கமலநாதன் எழுந்து வந்தார். தப்பாக நடக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் உடம்பு இடம் கொடுக்காது. மில்லில் அப்படித்தான் ஒரு தடவை ஃபிட்டர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இப்படிக் குத்துனா உடைஞ்சு போகும். குடு இங்க."

வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். சட்டைப் பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்து எல்லாச் சுவிட்சையும் முதலில் நடுவுக்குக் கொண்டுவந்தார். முதலாவதை மேலே தள்ளினார். பிறகு தலையைத் தூக்காமலே, பழக்கதோஷத்தில், தொலைபேசியைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

"ரெண்டு?"

இஞ்சின் உறுமல் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் சீன மொழியில் சிரித்துக்கொண்டே கடந்து போனார். புஷ்பவள்ளி தொலைபேசியின் திரையைப் பார்த்தாள். இணைப்பு அறுபடவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"கோசோங்," என்றது குரல்.

கமலநாதனின் ஊக்கு அப்படியே நின்றது. பிறகு, தான் கேட்டது சுவிட்சைப் பற்றித்தான் என்று அவருக்கே நினைவூட்டிக்கொள்வது போல, "ரெண்டு கோசோங். சரி. மூணு?"

"மைனஸ்."

"மூணு மைனஸ்... நாலு?"

"மைனஸ்."

"மைனஸா? நல்லாப் பாரு. நாலு எனக்கு பிளஸ் வச்ச ஞாபகம்."

"மைனஸ்தான். கண்ணு நல்லாத் தெரியுது எனக்கு."

"சரி, சரி. அஞ்சு?"

"பிளஸ்."

"ஆறு?"

"பிளஸ். ஆறு சுக்கிரன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்... ஏழு?"

"கோசோங்."

எட்டாவதுக்கு அவர் உடனே வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி லுங்கி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எட்டு?"

"பிளஸ்."

"பிளஸ்," என்று திருப்பிச் சொன்னார். "மேல தூக்கித்தான் வச்சிருக்கேன் அப்ப. நீ எதையும் மாத்தல?"

"நான் எதுக்கு மாத்தணும்? மாத்துனா கேட்டு திறக்காதே."

கமலநாதன் எட்டாவது சுவிட்சை மேலே தள்ளி, ஒரு தடவை ஊதி, ரிமோட்டை புஷ்பவள்ளியிடம் நீட்டினார். அவள் ரிசீவரின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். விளக்கு சிமிட்டியது. இன்னொரு தடவை அமுக்கினாள். இரண்டு கதவும் முனகிக்கொண்டு முழுசாகத் திறந்தன.

ராசம்மா மூச்சு விட்டது படியிலிருந்து கேட்டது. "அப்ப அவனுதும் திறக்கும்தானே, புஷ்பா?"

திறக்கும் என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு புஷ்பவள்ளி போயிருக்கலாம். ஆனால் தொழிலில் அவள் பொய் சொல்வது விலையில் மட்டும்தான். வேலையில் சொல்ல மாட்டாள்.

"தெரியாதுக்கா. நம்பர் சரி. ஆனா அவரு கையில இருக்கிறது பாசார் மாலாம்ல வாங்கினது. உள்ள இருக்கிறது த்ரீ தேர்ட்டியா வேற எதுவுமான்னு பிரிச்சாத்தான் தெரியும். அப்ப இருந்த ரிசீவர் ரெண்டையும் கேக்குற ஜாதி. இது த்ரீ தேர்ட்டி மட்டும்தான் கேக்கும்."

"அப்ப?"

"அப்ப, இங்க வந்து நின்னு அமுக்கிப் பார்த்தாத்தான் தெரியும்."

இது எல்லோர் காதிலும் விழுந்தது. ஊட்லண்ட்ஸ் வரைக்கும் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது, எடுக்க ஆளில்லை. கமலநாதன் கேட்டின் கீலைத் தடவிப் பார்த்தார், எண்ணெய் விட்டிருக்கிறார்களா என்று. தொலைபேசியில் யாரோ விசில் ஊதினார்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அந்தப் பையன், "சரிக்கா, பஸ்ஸு எடுக்கணும்" என்று வைத்துவிடுவான். புஷ்பவள்ளி வேனின் முன் இருக்கையிலிருந்து வாரண்டி அட்டையை எடுத்தாள்.

"இன்னொரு சங்கதி இருக்குண்ணே. எல்லா ரிமோட்டும் டெஸ்ட் பண்ணாம இந்த அட்டையில நான் கையெழுத்துப் போட முடியாது. ஒரு மாசத்துக்குள்ள மூணு ரிமோட்டும் இங்க வந்து வேலை செய்யணும். இல்லன்னா வாரண்டி செல்லாது."

அப்படி ஒரு விதி அந்த அட்டையில் இல்லை. எந்த அட்டையிலும் இல்லை. கமலநாதன் அதை வாங்கிப் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததை முழுக்கப் படித்தார். அப்படி ஒரு விதி இல்லை என்பதையும் படித்திருப்பார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு மாசமா?" என்றார். "என்னம்மா பேசுற? ஒரு மாசத்துல இன்னும் எத்தன இடி விழும்? பதினஞ்சு நாள்."

"இருபத்தஞ்சுண்ணே. நியாயமாப் பேசுங்க."

"பத்து."

"இப்பத்தான பதினஞ்சு சொன்னீங்க! கீழ போறீங்களே?"

"நீ இழுத்தா நான் இன்னும் கீழ போவேன். ஏழு. ஒரே பேச்சு."

"அலமாக், ஏழு நாளெல்லாம் முடியாதுண்ணே, கட்டுபடியாகாது," என்று புஷ்பவள்ளி தலையில் கைவைத்தாள். வாழ்க்கையில் இவ்வளவு மனநிறைவோடு ஒரு பேரத்தில் அவள் தோற்றதில்லை.

"ஞாயித்துக்கிழம எனக்கு ஆஃப்," என்றது தொலைபேசி.

கமலநாதன் விரலை மடக்கி எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. "அது மூணு நாளுதான்," என்றார் புஷ்பவள்ளியிடம். ஏழுக்குக் கேட்டது மூன்றுக்கு முடிந்த கணக்கு முகத்தில் தெரிந்தது. பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "டேய். அமுக்குனா விளக்கு எரியுதா அதுல?"

"எரியுது. மங்கலா."

"மங்கலாவா? பேட்டரி போச்சு. மாத்திட்டு வா. சிங்கப்பூர்ல வாங்காத, அங்க அஞ்சு மடங்கு சொல்லுவான்."

"சரிப்பா. வைக்கிறேன், பஸ்ஸு எடுக்கணும்."

திரை இருண்டது. கமலநாதன் போய் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று கதைக்காகச் சொல்லலாம்தான். நேராகத்தான் பிடித்திருந்தார், படிக்கவும் செய்தார்.

புஷ்பவள்ளி பெட்டியை மூடித் திருகாணியை முடுக்கினாள். காலி ரிமோட்டின் சுவிட்சுகளைக் கலைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அட்டையில் தேதிக்குத் தனிக் கட்டம் இல்லாததால் ஓரத்தில், 'டெஸ்ட்: ஞாயிறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். நூற்று முப்பது வெள்ளியையும் அவர் எண்ணிக் கொடுத்தார், ஒரு வார்த்தை குறைக்கச் சொல்லாமல். அவளுக்கே கொஞ்சம் கவலையாகிவிட்டது.

அவள் வேனில் ஏறப்போகும்போது, "புஷ்பா" என்று கூப்பிட்டார். அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார்.

"நாளு போட்டிருக்க. நேரம் போடலையே."

அவள் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். அவர் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று விரல் கணுவில் கட்டைவிரல் ஓடியது.

"எழுதும்மா," என்றாள் ராசம்மா, கீரையை உருவிக்கொண்டே. "காலையில. பசியாறுற நேரத்துக்கு."

புஷ்பவள்ளி கமலநாதனின் முகத்தைப் பார்த்தாள். கட்டைவிரல் நின்றுவிட்டது. ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. அப்படியே எழுதினாள்.